சோபாவில் பேஸ் ஷேக்கரா, உடம்பில் கட்டும் பட்டையா? கீழ்வீட்டுக்கு அதிர்வு போகாமல் பேஸை உணர வழி வேண்டும்

தாழ்சுரம்:

மூன்றாம் மாடி ஃப்ளாட். தரை முழுக்க டைல்ஸ், அதற்கடியில் கான்கிரீட் ஸ்லாப். பாட்டு கேட்பது இரவு பத்து மணிக்கு மேல்தான் என்பதால் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பேச்சுக்கே இடமில்லை. கையில் இருப்பவை: வயர் உள்ள ஹெட்ஃபோன், பின்புறம் ஐந்து ஆடியோ ஜாக் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர், மரச்சட்டம் போட்ட ஒற்றை சோபா. சோபாவில் உட்காரும் இடத்துக்கு அடியில் 12 மி.மீ. ப்ளைவுட் இருக்கிறது.

ஹெட்ஃபோனில் பேஸ் காதுக்கு வருகிறது, உடம்புக்கு வரவில்லை. சோபாவுக்கு அடியில் ஷேக்கர் (பேஸை அதிர்வாக்கும் கருவி) பொருத்துவதா, மார்பிலோ இடுப்பிலோ கட்டும் அதிர்வுப் பட்டை வாங்குவதா? ஷேக்கர் என்றால் எத்தனை வாட், எந்த ஆம்ப், கம்ப்யூட்டரிலிருந்து பேஸை மட்டும் எப்படிப் பிரிப்பது?

எல்லாவற்றையும்விட முக்கியம், கீழ்வீட்டில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது. சோபா காலுக்கு அடியில் ரப்பர் புஷ் வைத்தால் போதும் என்கிறார் கடைக்காரர். அது சரியா?

---

தூக்குத்தட்டு:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஷேக்கரில் பணம் போட்டுவிட்டுப் பலரும் கோட்டை விடுவது இந்த ரப்பரில்தான்.

ரப்பர் ஒரு ஸ்பிரிங். சோபாவும் நீங்களும் சேர்ந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எடை. இந்த எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் சேர்த்து ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே உள்ள அதிர்வை ரப்பர் தடுப்பதே இல்லை, அப்படியே தரைக்கு விட்டுவிடும். அந்த அதிர்வெண்ணை ஒட்டி வந்தால் இன்னும் பெரிதாக்கியே அனுப்பும். அதைப்போல் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் குறைக்கவே தொடங்கும்.

கணக்கு எளிது. நீங்கள் உட்கார்ந்ததும் ரப்பர் எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுங்கள். வருவது ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு. கடையில் தரும் கெட்டி புஷ் 0.3 மி.மீ. அமுங்கினால் விடை 29 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் அடி சுரம் 30.9 ஹெர்ட்ஸ். நீங்கள் உணர விரும்பும் அதே இடத்தில் புஷ் ஒத்ததிர்கிறது. ரப்பர் வைக்காமல் விட்டிருந்தால்கூடக் கீழ்வீட்டுக்கு இவ்வளவு போயிருக்காது.

2.5 மி.மீ. அமுங்கினால் 10 ஹெர்ட்ஸ் வரும். அப்போது 30 ஹெர்ட்ஸ் அதிர்வில் எட்டில் ஒரு பங்கும், 40 ஹெர்ட்ஸில் பதினைந்தில் ஒரு பங்கும்தான் தரைக்குப் போகும். ரப்பர் அசையாமல் எடை தாங்கும்போது காட்டும் மென்மையை அதிரும்போது காட்டாது, சற்று விறைத்துக்கொள்ளும். அதனால் 4 மி.மீ. அல்லது அதற்கு மேலே குறி வையுங்கள். வாஷிங் மெஷினுக்கு விற்கும் பேட் ஒரு மெஷினின் எடைக்காகச் செய்தது. சோபாவுக்கு அது பெரும்பாலும் கெட்டி.

செலவு குறைவாக நன்றாக வேலை செய்வது டென்னிஸ் பந்து மேடை. எலக்ட்ரானிக் டிரம் வாசிப்பவர்கள் ஃப்ளாட்டில் இதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். சோபாவைவிட நான்கு பக்கமும் 10 செ.மீ. பெரிதாக இரண்டு 18 மி.மீ. ப்ளைவுட் பலகை. கீழ்ப்பலகையில் 16 இடத்தில் 35 மி.மீ. ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, அதன்மேல் மேல்பலகை. மேல்பலகையின் அடிப்பக்கத்திலும் அதே இடங்களில் ஓட்டை போட்டால் பந்து நழுவாது.

பந்துக்கு விதியே இருக்கிறது. சுமார் 8.2 கிலோ சுமைக்கு 5.6 முதல் 7.4 மி.மீ. அமுங்க வேண்டும் என்கிறது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு. சோபா, ஆள், பலகை எல்லாம் சேர்த்து 115 கிலோ என்றால் பந்துக்கு 7 கிலோ சொச்சம், அமுக்கம் 5 மி.மீ. பக்கம், அதிர்வெண் 7 ஹெர்ட்ஸ். சோபாவின் முதுகுப் பக்கம்தான் எடை அதிகம். பின் வரிசைகளில் பந்துகளை நெருக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மேடை பின்னால் சாயும். காற்றழுத்தம் இல்லாத வகைப் பந்தாக வாங்குங்கள், அழுத்தப் பந்து சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

சோபா சுவரையோ பக்கத்து மேசையையோ தொடக்கூடாது. இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தரையில் கிடக்கும் தடித்த கேபிள்கூட இறுக்கமாக இருந்தால் அதிர்வைக் கடத்தும்.

சரியாக வந்ததா என்று சோதிக்க ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் போதும், ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஃபோனை மேடைக்குப் பக்கத்தில் டைல்ஸ்மேல் வைத்து, 40 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, முடுக்க நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வரைபடம்) பாருங்கள். பிறகு அதே ஃபோனை மேல்பலகையில் வையுங்கள். இரண்டு உச்சத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசமாவது தெரிய வேண்டும். ஃபோன் விநாடிக்கு 200 மாதிரிதான் எடுக்கிறது என்றால் 100 ஹெர்ட்ஸ் வரை மட்டும் நம்பலாம்.

மேடைக்கு இடமில்லை என்றால் பட்டைக்குப் போங்கள். அது ஸ்லாப்பைத் தொடுவதே இல்லை.

---

ஓம்விதி:

மேலே சொன்ன மேடையோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மின்பக்கம் சொல்கிறேன்.

ஷேக்கர் என்பது கூம்பு இல்லாத ஸ்பீக்கர். சுருளும் காந்தமும் உண்டு, ஆனால் காகிதத்துக்குப் பதில் ஒரு எடை ஆடும். எடை ஒரு பக்கம் போனால் சோபா மறுபக்கம் போகும். ஆரா ஏஎஸ்டி-2பி-4, டேட்டன் பிஎஸ்டி-1 இரண்டும் 4 ஓம், 50 வாட் வகை. உங்கள் சோபாவுக்கு இதில் ஒன்றே போதும், இரண்டு இருந்தால் சொகுசு. டேட்டனின் சின்ன பக் வகை 8 ஓம். அது ஆபீஸ் நாற்காலிக்குச் சரி, கனமான மரச் சோபாவுக்குப் போதாது. பட்கிக்கரின் பெரிய மாடல்கள் மூன்று பேர் சோபாவுக்கானவை, இங்கே வேண்டாம்.

ஆம்ப்: டிபிஏ3116 சிப் போட்ட இரண்டு சேனல் போர்டு. லேப்டாப்பின் 19 வோல்ட் 4.74 ஆம்பியர் அடாப்டர் இதற்குப் போதும். 19 வோல்ட்டில் 4 ஓமுக்கு அலையின் உச்சி வெட்டுப்படாமல் 40 வாட் பக்கம் கிடைக்கும், உண்மையில் நீங்கள் பத்து வாட்டைத் தாண்டமாட்டீர்கள். இரண்டு ஷேக்கர் என்றால் ஆளுக்கொரு சேனல் கொடுங்கள். இந்த போர்டில் இரண்டு சேனலின் மைனஸ் முனைகளையும் ஒன்றாக முறுக்கக் கூடாது, எதையும் எர்த்தில் தொடுக்கவும் கூடாது. ஒவ்வொரு சேனலிலும் இரண்டு முனையுமே சிக்னல் ஓடும் முனைகள். சேர்த்தால் பாதுகாப்பு விழுந்து நிற்கும், அல்லது சிப் போய்விடும்.

பேஸைப் பிரிக்கத் தனிக் கருவி வேண்டாம், ஐந்து ஜாக் இருக்கிறது. விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) என்று மாற்றுங்கள். ஹெட்ஃபோன் பின்புறப் பச்சை ஜாக்கில், ஆம்ப் ஆரஞ்சு ஜாக்கில். (மூன்று ஜாக் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை பிங்க் ஜாக் செய்யும்.) ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் இடது 0.5, வலது 0.5 சேர்த்து சென்டர், சப் இரண்டு சேனலுக்கும் நகல் எடுங்கள். அந்த இரண்டில் மட்டும் 80 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டரை (அதற்கு மேலே உள்ளதை வெட்டுவது) இரண்டு தடவை போடுங்கள். ஒன்று ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 12 டெசிபெல்தான் வெட்டும், இரண்டு சேர்ந்தால் 24. இது குறைவாக இருந்தால் சோபாவின் பலகையே பாடகர் குரலில் முனக ஆரம்பிக்கும். கூடவே 20 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் (கீழே உள்ளதை வெட்டுவது). அதற்குக் கீழே ஷேக்கரின் எடை ஓரத்தில் இடித்து "டக்" என்று அடிக்கும்.

இரண்டும் ஒரே சவுண்ட் கார்டிலிருந்து போவதால் நேரப் பிசகு கிடையாது. ஷேக்கருக்கென்று தனி யுஎஸ்பி கார்டு போட்டால் இரண்டு கடிகாரம் தனித்தனியாக ஓடி மெல்ல விலகும். 5.1 சினிமாவை இதே அமைப்பில் போடாதீர்கள். சென்டர் சேனலின் வசனம் நகலால் அழிந்துவிடும். பிளேயரில் ஸ்டீரியோவாக மாற்றிவிட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஹோம் தியேட்டர் ஆம்ப் இருந்து அதன் சப் அவுட்டில் ஷேக்கரைக் கொடுப்பவர்கள் "சினிமாவில் ஆடுகிறது, பாட்டில் செத்துக் கிடக்கிறது" என்பார்கள். ஸ்டீரியோ பாட்டில் சப்புக்கென்று உள்ள .1 சேனலே கிடையாது. முன் ஸ்பீக்கரை "ஸ்மால்" என்று வைத்தால்தான் பேஸ் சப் பக்கம் திரும்பும்.

பொருத்துவது: மர ஸ்க்ரூ வேண்டாம், ஒரு மாதத்தில் ஓட்டையைத் தேய்த்துக் கழன்றுவிடும். ப்ளைவுட்டைத் துளைத்து எம்5 போல்ட், மேலே அகல வாஷர், கீழே நைலான் வளையம் உள்ள நட். போல்ட் தலை நுரைமெத்தையைக் கிழிக்காதபடி ப்ளைவுட்டுக்குள் இறக்குங்கள். இடம், பலகையின் நட்டநடுவும் அல்ல, ஓரமும் அல்ல. நடுவுக்கும் சட்டத்துக்கும் பாதி தூரத்தில். நடுவில் வைத்தால் பலகை ஒரே சுரத்தில் அதிகமாகத் துள்ளும். அடியில் ப்ளைவுட் இல்லாமல் எலாஸ்டிக் பட்டை மட்டும் கட்டிய சோபா என்றால் சட்டத்தின் குறுக்கே 18 மி.மீ. பலகை அடித்து அதில் இறுக்க வேண்டும்.

வயரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஷேக்கர் டெர்மினலில் ஒற்றைக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தால், ஈயம் முடிந்து செம்பு தொடங்கும் அந்த மயிரிழை இடத்தில்தான் ஒடியும். வெளியே உறை நன்றாகத்தான் இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். பாட்டில் விட்டுவிட்டு அதிரும், எல்லாரும் ஆம்ப்பைச் சந்தேகப்படுவார்கள். பல இழை கொண்ட 1 சதுர மி.மீ. வயர், கிரிம்ப் லக் (நசுக்கிப் பொருத்தும் முனை), டெர்மினலிலிருந்து 5 செ.மீ. தள்ளி பலகையோடு ஒரு கிளிப். கிளிப்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே வயர் சற்றுத் தளர்ந்து வளைந்திருக்கட்டும்.

---

வடமராட்சி ஒலி:

பட்டை பாவிக்க யோசிக்கிற ஆக்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலிவுப் பட்டைகள் சிலதில் கைத்தொலைபேசியில் உள்ளது போன்ற சுழலும் மோட்டார்தான் இருக்கும். அச்சில் ஒரு பக்கம் கனத்த எடை, அது சுத்தும்போது அதிரும். வேகம் கூடினால்தான் பலமும் கூடும், இரண்டையும் பிரிக்க ஏலாது. சுத்த ஆரம்பிக்கவும் நிற்கவும் நேரம் எடுக்கும், அதனால் டிரம் அடி ஒவ்வொன்றும் குழம்பி ஒரே இரைச்சலாய் வரும். பாட்டுக்குச் சுருளும் காந்தமும் உள்ள வகைதான் சரி. வூஜர் பட்டையும் சப்பாக்கும் அந்த வகை.

இரண்டாவது, புளூடூத். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி 150 தொடக்கம் 250 மில்லி விநாடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் கால் தட்டே 125 மில்லி விநாடிதான். கதிரை முன்னுக்கு அதிர்ந்து பாட்டு பின்னுக்கு வந்தால் தலையிடிதான் மிச்சம். வூஜரில் ஹெட்ஃபோன் குத்தும் துளை இருக்கிறது. ஃபோனிலிருந்து பட்டைக்குப் புளூடூத், பட்டையிலிருந்து காதுக்கு வயர் என்று போட்டால் இரண்டும் ஒரே அளவு பிந்தும், ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். காதுக்கும் புளூடூத் வேண்டும் என்று அடம்பிடித்தால்தான் பிசகும்.

கட்டும் இடம்: நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதி, அல்லது முதுகில் இடுப்புக்கு மேலே. எலும்புக்குக் கிட்டக் கட்டினால் அதிர்வு உடம்புக்குள் பரவும், வயிற்றுச் சதையில் கட்டினால் அங்கேயே அமுங்கிவிடும். மூச்சு முழுதாய் இழுத்த நிலையில் பட்டையை இறுக்குங்கள். தளர்வாய் இருந்தால் தோலில் தட்டிச் சத்தம் போடும்.

ஒன்று தெளிவாய் விளங்கிக்கொள்ள வேண்டும். தோலுக்குச் சுரம் பிரிக்க வராது. இரண்டு அதிர்வு வேறு வேறு என்று தோல் கண்டுபிடிக்க 20–30 சதவீத வித்தியாசம் தேவை, பக்கத்துப் பக்கத்துச் சுரங்களுக்கு நடுவே இருப்பது 6 சதவீதம்தான். ஆகவே தோலுக்கு வருவது தாளமும் பலமும். சுரம் காதால்தான் வர வேண்டும். ஹெட்ஃபோனில் பேஸை வெட்டிவிட்டுக் கதிரையில் மட்டும் விடுகிற ஆக்கள் இருக்கினம், அப்படிச் செய்தால் பாட்டின் அடித்தளமே காணாமல் போகும்.

காது குறைவான ஒருவருக்காக அமைக்கிறதென்றால் 80 ஹெர்ட்ஸில் வெட்ட வேண்டாம். தோலில் ஆழமாய் இருந்து அதிர்வை உணரும் பசினியன் ஏற்பிகள் 250 ஹெர்ட்ஸ் அளவில்தான் மிகக் கூர்மை. 300 வரை விடுங்கள், கதிரை சத்தம் போட்டாலும் பரவாயில்லை. தாழ்ந்ததை இருக்கையிலும் உயர்ந்ததைத் தோள்பக்கமும் என்று இரண்டு ஷேக்கராய்ப் பிரித்தால் இன்னும் நல்லது, எந்த வாத்தியம் எங்கே என்று உடம்பு பழகும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த தாள வாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளெனி பன்னிரண்டு வயதளவில் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். மேடையில் வெறுங்காலோடுதான் வாசிப்பார். தரையின் அதிர்வு அவருக்கு அவ்வளவு தேவை.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மார்புப் பட்டை கட்டவே கூடாது. உள்ளே இருக்கிறது பலமான காந்தம், அது கருவியிலிருந்து 15 செ.மீ. ஆவது தள்ளி இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

---

தாழ்சுரம்:

மூவருக்கும் மிக்க நன்றி. டென்னிஸ் பந்து மேடை, ஒரு 4 ஓம் ஷேக்கர், டிபிஏ3116, ஈக்வலைசர் ஏபிஓ என்று அமைத்தாயிற்று. தரையில் ஃபைஃபாக்ஸ் உச்சம் மேல்பலகையில் இருப்பதில் பதினான்கில் ஒரு பங்கு.

மூன்று குறை. பாட்டே ஓடாதபோதும் மெல்லிய, விடாத அதிர்வு இருக்கிறது. பேஸ் கிட்டாரில் சில சுரம் மட்டும் தூக்கி அடிக்கிறது, மற்றவை வருவதே தெரியவில்லை. வலது கைப்பிடி ஒரு குறிப்பிட்ட இடத்தில் கிர்ர் என்கிறது.

---

ஓம்விதி:

விடாத அதிர்வு 50 ஹெர்ட்ஸ் மின்சார ஹம். ஸ்பீக்கரில் காதுக்கே தெரியாத அளவு, ஷேக்கரில் உடம்புக்குத் தெரியும். கம்ப்யூட்டரும் ஆம்ப் அடாப்டரும் வேறு வேறு ப்ளக்கில் இருந்தால் முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். போகாவிட்டால் மூன்று பின் அடாப்டருக்குப் பதில் இரண்டு பின்னோடே வரும் வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள், எர்த் சுற்று அறும். கம்ப்யூட்டரின் எர்த்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். கடையில் "ஹம் நீக்கி" என்று விற்கும் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இங்கே உதவாது. விரல்நுனி அளவு இரும்புக் கரு 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே காந்தப்புலம் தாங்காமல் நிறைந்துவிடும், நீங்கள் தேடும் பேஸையே தின்னும்.

சில சுரம் மட்டும் தூக்குவதற்குக் காரணம் இரண்டு. ஷேக்கரின் சொந்த ஒத்ததிர்வு 40 ஹெர்ட்ஸ் பக்கம், அதன்மேல் சோபா சட்டத்தினுடையதும் ஏறுகிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடி சுரம் 41.2 ஹெர்ட்ஸ், சரியாக அங்கேயே விழுகிறது. 25இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை 5 ஹெர்ட்ஸ் படியாக டோன் போட்டு, ஒவ்வொன்றும் மூன்று விநாடி மட்டும் ஓடவிட்டு, எது அதிகம் என்று ஃபைஃபாக்ஸை மடியில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே டோனை நிமிடக்கணக்கில் ஓடவிடாதீர்கள். பாட்டில் சுருளுக்கு நடுநடுவே ஆற நேரம் கிடைக்கும், டோனில் கிடைக்காது. ஷேக்கர் மூடியில் ஐந்து விநாடி விரல் வைக்க முடியவில்லை என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

உச்சம் 42இல் இருந்தால் அங்கே பீக் ஃபில்டர் (ஒரு அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் கூட்டிக் குறைப்பது), கியூ (அகலத்தின் அளவு, எண் கூடினால் குறுகும்) 2.5, மைனஸ் 6 டெசிபெலில் தொடங்குங்கள். பிறகு லோ-பாஸை 80இலிருந்து 110க்கு உயர்த்துங்கள். பேஸ் கிட்டாரின் பல சுரங்களில் அடி அதிர்வைவிட இரண்டாம் மடங்குதான் பலம். அடி தந்திக்கு அது 82 ஹெர்ட்ஸ், 80இல் வெட்டினால் அதன் பாதி போய்விடும். "வருவதே தெரியவில்லை" என்ற சுரங்கள் இதில் திரும்ப வர வேண்டும். பழைய பதிவுகளில் 60க்குக் கீழே பதிவே குறைவு, அவற்றில் வராவிட்டால் உங்கள் அமைப்பில் பழுது தேடாதீர்கள்.

கைப்பிடி: டோனை அந்த கிர்ர் வரும் அதிர்வெண்ணில் நிறுத்தி, ஒவ்வொரு மூட்டாகக் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றி, மரமும் மரமும் தொடும் இடத்தில் 1 மி.மீ. ஃபெல்ட் துணி வைத்து மறுபடி இறுக்குங்கள். கழற்றாமல் மேலும் மேலும் இறுக்கினால் அந்தச் சத்தம் பக்கத்து மூட்டுக்குப் போகும்.

அளவு வைப்பதற்கு: பிடித்த பாட்டைப் போட்டு, ஆம்ப்பைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, அதிர்வு தனியாகத் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கொஞ்சம் குறையுங்கள். பாட்டு நடுவில் ஆம்ப்பை அணைத்தால் ஏதோ வற்றிப்போனது போல இருக்க வேண்டும், ஓடும்போது சோபா நினைவுக்கு வரக்கூடாது. அந்த நிலையில் ஹெட்ஃபோன் சத்தத்தை முன்பைவிடக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் குறைத்தது தெரியாது. 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை.

---

தூக்குத்தட்டு:

பதினான்கில் ஒன்று நல்ல எண். லோ-பாஸை 110க்கு ஏற்றிய பிறகு தரையில் மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள், 100க்குள் உள்ளவரை ஃபோன் காட்டும். மேல்பலகையே 70–90 ஹெர்ட்ஸில் வளைந்து அதிர்ந்தால் அங்கே ஒரு புது உச்சம் எழும். அப்படி வந்தால் பலகைக்கு அடியில் குறுக்காக இரண்டு 50 x 25 மி.மீ. மரச்சட்டம் அடியுங்கள், பந்து வரிசைகளுக்கு நடுவே, பந்தையும் கீழ்ப்பலகையையும் தொடாமல். உட்கார்ந்த நிலையில் சட்டத்துக்கும் கீழ்ப்பலகைக்கும் 10 மி.மீ. ஆவது இடைவெளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.